பத்மாக்கா கைக்கு ஒரு கத்தரி

என் கையில் இருந்தது முடி வெட்டும் கத்தரி. எதிரே நின்றது என்னைவிட உயரமான ரோஜாச் செடி.

புரட்டாசி மாதத்துக் காலை வெயில் முதுகில் சுள்ளென்று விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாதர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீடு அது. வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு ரோஜாச் செடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. கிரில் கதவுக்கு உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில் பத்மாக்கா உட்கார்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க். தலையைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டு.

“வெட்டு ஜெசி” என்றார்.

“எங்கக்கா வெட்டணும்?”

“அது தெரிஞ்சா நான் ஒன்னைய எதுக்கு ராஜபாளையத்துல இருந்து கூப்பிடுதேன்?”

பென்சில் கனத்தில் ஒரு கிளையைப் பிடித்துக் கத்தரியை வைத்து அழுத்தினேன். கத்தரி வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். கிளை வளைந்ததே தவிர அறுபடவில்லை. தோல் மட்டும் நீளமாக உரிந்து வந்தது. கடைசியில் கையால் முறுக்கிப் பிய்க்க வேண்டியதாகிவிட்டது. பிய்ந்த இடம் நாரும் பிசிறுமாக, நாய் கடித்துப் போட்ட கரும்பு மாதிரி இருந்தது.

கத்தரியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு அலகுக்கும் நடுவே லேசாக ஓர் இடைவெளி விழுந்திருந்தது. நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த கத்தரி அது.

கிரில் கதவுக்கு உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு. மாஸ்க் மேலும் கீழும் ஆடியது.

“முடின்னு நெனச்சியா?” என்றார் பத்மாக்கா.

சொல்லிவிட்டு வருகிறவர்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் பிழைப்பு என்னவென்று தெரியும். புதிதாக இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். ஆரம்பித்த காலத்தில் எங்கள் சர்ச் சபையிலேயே சிலர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்லருக்கு வருவதை வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். டெய்லர் கடைக்கு, டாக்டரிடம் என்று ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

பத்மாக்கா சொல்லிவிட்டுத்தான் வருவார். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். பிறந்த வீடு ராஜபாளையம், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, பிறந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் என் கடைக்கு வந்து உட்காருவார். இடுப்பைத் தொடும் முடி. நுனியில் இரண்டு விரற்கடைக்கு மேல் வெட்டவிட மாட்டார். வெட்டியதைக் கீழே விழவிடாமல் கையில் வாங்கி அளந்து பார்ப்பார். கொஞ்சம் கூடியிருந்தால், “ஏமி ஜெசி, விக்கப் போறியா?” என்பார்.

அவரைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் எப்போதும் ஆச்சரியம். எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்பார். முல்தானி மட்டியைப் பன்னீரில் ஏன் குழைக்கிறாய், ஈர முடியை ஏன் வெட்டுகிறாய், ஏன் சிலருக்கு மட்டும் நுனி பிளக்கிறது. எனக்குத் தெரியாத கேள்விகளுக்குப் பதில் தேடி அடுத்த மாதத்துக்குள் வைத்திருப்பேன். பாதித் தொழிலை அவர் கேட்ட கேள்விகளில்தான் கற்றுக்கொண்டேன்.

போன வருஷம் அவருக்கு மார்பில் கட்டி. மதுரையில் அறுவை சிகிச்சை. பிறகு கீமோ. முதல் தடவை மருந்து ஏற்றி வந்த பிறகு போன் பண்ணினார்.

“தலையணை பூராம் முடி கெடக்கு. ஒன்னொன்னா விழுததப் பாக்க முடியல. நீ மிஷின் எடுத்துக்கிட்டு வா.”

போனேன். நாற்காலியைக் கண்ணாடியைப் பார்த்துப் போடச் சொன்னார். நான் வேறு பக்கம் திருப்பினேன். அவரே எழுந்து மறுபடி கண்ணாடிப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். மிஷின் ஓடிய நேரம் முழுவதும் கண்ணை மூடவில்லை. அவர் கணவர் வெங்கடேசன் சார் அடுப்படியில் நின்றார். ஆலங்குளத்தில் சிமெண்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழாயைத் திறந்துவிட்டு, கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து அக்கா யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் தூங்குகிறார் என்று சார் சொல்லி அனுப்பிவிடுவார். மாதம் ஒருமுறை வந்து செடிகளைப் பார்க்கிற ஆளையும் நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் போகலாம். “நீதான் ஏற்கெனவே பாத்துட்டியே” என்பார்.

மாடிக்காரனுக்குப் பூக்கிற பூ

வெட்ட ஆளில்லாமல் ரோஜாச் செடிகள் கன்னாபின்னாவென்று ஏறிவிட்டன. அக்கா தொடக் கூடாது. மருந்து ஏறும் காலத்தில் உடம்பில் எதிர்ப்பு சக்தி இருக்காது, முள் கீறினால்கூட ஆபத்து, மண்ணில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“இப்போ எதுக்குக்கா வெட்டணும்? பூத்துக்கிட்டுத்தான இருக்கு?” என்று நான் போனில் கேட்டேன்.

“பூக்குது. எங்க பூக்குது? அம்புட்டும் உச்சியில. பக்கத்து மாடிக்காரன் பாத்துக்கிட்டு நிக்கான். நான் படுத்திருக்க எடத்துல இருந்து ஜன்னல் வழியா முள்ளும் காஞ்ச குச்சியுந்தான் தெரியுது. எனக்குப் பூவு பாக்கணும் ஜெசி.”

அதற்கு மேல் நான் என்ன பேச. ஒரு பையில் கத்தரியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கத்தரி என்றால் கத்தரிதானே என்று நினைத்தேன். அதன் பலனைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பூச்செடிக்கா, வேலிக்கா?

மறுநாள் ராஜபாளையத்தில் விவசாயச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். மோட்டார், ரப்பர் குழாய், மண்வெட்டிப் பிடி என்று வாசல்வரை நிறைந்த கடை. செடி வெட்டுகிற கத்தரி வேண்டும் என்றேன்.

“கவாத்துக் கட்டரா? எதுக்கும்மா? வேலிக்கா, மரத்துக்கா, பூச்செடிக்கா?” என்றார் கடைக்காரர்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நானும் முடி வெட்ட வருகிறவர்களிடம் முதலில் இப்படித்தான் கேட்பேன், கல்யாணத்துக்கா, காலேஜுக்கா என்று.

மேஜையில் வரிசையாக வைத்தார். இரண்டு கையாலும் பிடித்து வெட்டுகிற நீளமான கத்தரி வேலிக்கு. கைப்பிடி மட்டும் நீண்டு, வாய் கிளிமூக்கு போல் சின்னதாக இருந்தது மரக்கிளைக்கு. ஒரு கையில் அடங்குகிற இரண்டு பூச்செடிக்கு. அந்த இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்ல.

ஒன்றில் கூரான அலகு நேரே இறங்கி, கீழே இருக்கிற தட்டையான பட்டையில் போய் உட்காருகிறது. வெங்காயத்தைப் பலகையில் வைத்து நறுக்குகிற மாதிரி. இன்னொன்றில் கீழே பட்டை இல்லை. கொக்கி போல வளைந்த தடித்த தாடை. அது கிளையைப் பிடித்துக்கொள்ள, கூரான அலகு அதை உரசிக்கொண்டு தாண்டிப் போகிறது.

“இது ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?”

“ரெண்டும் வெட்டத்தான் செய்யும். ஒங்களுக்கு எது புடிச்சிருக்கோ எடுங்க.”

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஆண்கள் கைக்குச் செய்தவை. விரித்தால் என் சுண்டு விரல் அடிப்பிடியை எட்டவில்லை. வருஷக்கணக்கில் கத்தரி பிடித்து என் கட்டைவிரல் மூட்டு ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிறது. இதைப் பிடித்து ஒரு செடி வெட்டினால் மறுநாள் சீப்புப் பிடிக்க முடியாது. “கொஞ்சம் சின்னதா இருக்கா?” என்று கேட்டேன். அவர் ஏணி போட்டு மேலே ஏறி, தூசி படிந்த அட்டைப் பெட்டியைத் துழாவி, இரண்டு வகையிலும் சின்னதாக ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்தார்.

எது சரியென்று தெரியாததால் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

லென்ஸுக்கு அடியில் ஒரு குச்சி

என் பார்லரில் ஃபேஷியலுக்கு ஒரு விளக்கு உண்டு. நடுவில் பெரிய லென்ஸ், சுற்றிலும் வெளிச்சம். மூக்கில் இருக்கிற கரும்புள்ளியை மிளகு அளவுக்குக் காட்டும். பின்பக்கக் கொய்யா மரத்தில் கொஞ்சம் குச்சிகளும், தெருமுனை வீட்டில் கேட்டு வாங்கின ரோஜாக் குச்சிகளும் கொண்டுவந்து மூன்று கத்தரியாலும் வெட்டினேன். அந்த விளக்கின் கீழ் அடுக்கி வைத்துப் பார்த்தேன்.

முகத்தில் பேக் போட்டுப் படுத்திருந்த ஒரு டீச்சர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“என்ன பாக்கீங்க?”

“குச்சி, டீச்சர்.”

“எம்மூஞ்சியப் பாக்கத்தான அந்த லென்ஸு?”

“காயட்டும் டீச்சர். செத்த நேரம்.”

முடி வெட்டும் கத்தரி வெட்டியது நசுங்கிக் கிழிந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். பட்டையில் உட்காருகிற கத்தரி வெட்டிய பச்சைக் குச்சியில், வெட்டு சுத்தமாகத் தெரிந்தாலும் அடிப்பக்கம் அமுங்கி, பச்சைத் தோல் கறுத்திருந்தது. ஆனால் காய்ந்த குச்சியை அது சடக்கென்று ஒடிக்காமல் வெட்டியது. கொக்கித் தாடை வைத்தது வெட்டிய பச்சைக் குச்சிதான் அழகு. வழவழவென்று, நடுவில் வெள்ளை, சுற்றிப் பச்சை வளையம், அதற்கு வெளியே மெல்லிய தோல் சிதையாமல்.

அதிலும் ஒரு விஷயம் இருந்தது. வெட்டுப்பட்ட இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று சுத்தமாக இருக்கிறது, மற்றதில் நகம் பதிந்த மாதிரி ஒரு தடம். கத்தரியைத் திருப்பிப் பிடித்து வெட்டினால் தடம் அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறது. திரும்பத் திரும்ப வெட்டிய பிறகுதான் பிடிபட்டது. கொக்கித் தாடை இருக்கிற பக்கம் நசுங்கும். கூரான அலகு இருக்கிற பக்கம் நசுங்காது. ஆகவே அலகு செடிப் பக்கமும், கொக்கி கீழே விழப்போகிற பக்கமும் இருக்க வேண்டும். மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் டீச்சரை மறந்துவிட்டேன். பேக் காய்ந்து வெடித்து, அவர் பேச முடியாமல் கையால் கட்டிலைத் தட்டினார்.

ஜன்னலைப் பார்த்த மொட்டு

அடுத்த முறை தயாராகப் போனேன். போனில் எத்தனையோ வீடியோ பார்த்திருந்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலில் காய்ந்ததை எடு. பிறகு ஒன்றோடொன்று உரசுகிற கிளையில் ஒன்றை எடு. பிறகு மீதியைக் குறை. வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு, அதாவது புதுக் கிளை முளைக்கும் கணுவுக்கு, கொஞ்சம் மேலே, மழைத்தண்ணீர் மொட்டில் நிற்காதபடி சாய்த்து வெட்டு.

ஒரு செடி முடிந்ததும் அலகை ஸ்பிரிட்டில் துடைத்தேன். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகும்போது சீப்பைத் துடைக்கிற பழக்கம். செடிக்கும் நோய் தொற்றும் என்று வீடியோவில் சொன்னபோது, இது மட்டும் எனக்குப் புதிதாக இல்லை.

அக்கா கிரில் கதவுக்கு உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வெளிப்பக்கம் பாத்த மொட்டுன்னா, ஏன்?”

“மொட்டு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கந்தான் கிளை போகும்க்கா. வெளிய போனா நடுவுல காத்து வரும்.”

அக்கா தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

“அப்போ ஜன்னல் பக்கம் பாத்த மொட்டா பாத்து வெட்டு.”

நான் நின்றுவிட்டேன். அது சரியா என்று எனக்குத் தெரியாது. எந்த வீடியோவிலும் ஜன்னலைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் தப்பென்றும் யாரும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு நேரே நின்ற செடிகளில் அப்படியே தேடித் தேடி வெட்டினேன்.

“இன்னும் எறக்கு.”

“அக்கா, இதுவே இடுப்பு உயரந்தான் இருக்கு.”

“ஜன்னல் கட்டை எம்புட்டு உயரம்? அதுக்கும் கீழ இருந்து மொளைச்சு வந்தாத்தான எனக்குத் தெரியும்? எறக்கு.”

முழங்கால் அளவுக்கு இறக்கினேன். வெட்டி முடித்தபோது வாசலில் ஒரு வண்டி முள் கிடந்தது. தோட்டத்தில் குச்சிகள் மட்டும் நின்றன.

வெட்டிய வாயில் பூச்சி துளைக்காமல் இருக்க எதையாவது பூச வேண்டும் என்று அந்த வீடியோக்களில் சொன்னார்கள். சிலர் மஞ்சள், சிலர் மருந்துப் பசை. ஒரு பெண் நகப்பாலிஷ் பூசினாள். அது என்னிடம் நிறைய இருக்கிறதே. கெட்டிப்பட்டுப் போன பழைய பாட்டில்களில் கொஞ்சம் தின்னர் ஊற்றிக் கலக்கிக் கொண்டுபோயிருந்தேன். அக்காவிடம் பாட்டில்களைக் காட்டி, எந்தக் கலர் என்று கேட்டேன்.

“எனக்கு வைக்க விடமாட்டேங்கான் ஆஸ்பத்திரியில. நகத்தைப் பாக்கணுமாம். செவப்பா இருக்கதா வையி” என்றார்.

ஒவ்வொரு குச்சி நுனியிலும் சிவப்புப் பொட்டு வைத்தேன். கத்தரியைக் கழுவி, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பூட்டிப் பையில் போட்டேன். கட்டைவிரல் வலித்தது. ஆனாலும் அன்றைக்குப் போல மனசுக்கு நிறைவாக ஒரு வேலை செய்து ரொம்ப நாளாகியிருந்தது.

குச்சிகள்

அந்த வாரக் கடைசியில் அக்காவுக்குக் காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன என்று மதுரையில் சேர்த்துவிட்டார்கள். நான் போன் பண்ணியபோது சார் எடுத்தார்.

“எப்படி இருக்காங்க சார்?”

“ஐசியூவுல இருக்கா. உள்ள விட மாட்டேங்காங்க.”

“நான் வரட்டுமா சார்?”

“வேண்டாம்மா.” பிறகு சொன்னார், “அம்புட்டு நேரம் அவளை வாசல்ல உக்கார வச்சிருக்க வேண்டாம். அவதான் கேக்கான்னா நீயாவது சொல்லியிருக்கலாம். துணியெடுக்க வீட்டுக்குப் போனேன். வாசல்ல காலு வைக்க முடியல. பொம்பளைக்கு மொட்டை அடிச்சது போதாதுன்னு செடிக்கும் அடிச்சு, நுனியில ரத்தம் மாதிரி என்னத்தையோ வச்சிருக்கு. இனி நீ வர வேண்டாம்.”

போனை வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. மருந்து ஏறின பிறகு அணுக்கள் குறைவது சகஜம், வாசலில் உட்கார்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பிறகு சாரிடம் சொன்னாராம். அது பிறகு. அந்த நாட்களில் எனக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அக்கா பேரைச் சொல்லி எழுந்து நின்றேன். பேரைச் சொன்ன பிறகு வேறு வார்த்தை வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மழை ஆரம்பித்திருந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மலை தெரியாமல் மேகம் மூடிக் கிடந்தது. இந்த மழையில் வெட்டிய குச்சிகள் அழுகிவிடுமோ என்று ஒரு பக்கம் கவலை. ஆஸ்பத்திரியில் ஓர் ஆள் கிடக்கும்போது குச்சியைப் பற்றி நினைக்கிறோமே என்று இன்னொரு பக்கம். நினைக்காமல் இருக்க முடியவில்லை. வரவேண்டாம் என்று சொல்லியிருந்தும் ஒருநாள் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு மடவார் வளாகத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. சுற்றுச்சுவர் மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன்.

நகத்தால் கீறிப் பார்த்தது

“யாரது?”

பின்னால் சார் நின்றார். கையில் ஆஸ்பத்திரிப் பை. தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கு அதற்கும் தெம்பு இல்லை. கேட்டைத் திறந்தார். உள்ளே போகவில்லை. குச்சிகளுக்கு முன்னால் நின்றார்.

“அக்கா எப்படி இருக்காங்க?”

“வார்டுக்கு மாத்திட்டாங்க. காய்ச்சல் விட்டுருச்சு.” பிறகு குச்சிகளைக் காட்டி, “இதுல எதுலயாவது உசுரு இருக்கா?” என்று கேட்டார்.

“தெரியல சார். பாக்கலாம்.”

நான் குனிந்து ஒரு குச்சியின் தோலை நகத்தால் லேசாகக் கீறினேன். அடியில் பச்சை. ஈரப் பச்சை. அடுத்ததைக் கீறினேன். பச்சை. சாரும் மெதுவாகக் குனிந்தார். அவர் நகம் ஒட்ட வெட்டியிருந்ததால் கீற முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, மடித்து, அதன் முனையால் சுரண்டப் பார்த்தார். அது மடங்கிவிட்டது. பிறகு வீட்டுச் சாவியால் கீறினார்.

“பச்சையாத்தான் இருக்கு” என்றார், தனக்குத்தானே.

ஒவ்வொரு செடியாகப் போனோம். ஒன்று மட்டும் எவ்வளவு கீழே கீறினாலும் காவிநிறம்தான். மஞ்சள் ரோஜா அது. அடிவரைக்கும் காய்ந்து போயிருந்தது.

ஜன்னலுக்கு நேரே இருந்த செடியில் சார் முதலில் பார்த்தார். சிவப்புப் பொட்டுக்குக் கொஞ்சம் கீழே, கேழ்வரகு அளவில் சிவப்பாக ஒன்று தோலைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. நகப்பாலிஷ் ஒழுகியது என்று நினைத்து விரலால் துடைக்கப் போனார்.

“சார், அது துளிர்.”

கையை எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போனைத் தேடி எடுத்து, ஒரு போட்டோ பிடித்து அக்காவுக்கு அனுப்பினார்.

“அந்த மஞ்சள் போனதைச் சொல்ல வேண்டாம்மா. இப்போ எதுவும் போச்சுன்னு அவகிட்ட சொல்லக் கூடாது” என்றார். அதற்குள் அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்துவிட்டது. சார் அதை ஸ்பீக்கரில் போட்டார். அக்கா குரல் கம்மிப் போயிருந்தது.

“படம் எடுக்கத் தெரியல ஒங்களுக்கு. பாதி ஒங்க விரலு. ஜெசி கூட நிக்காளா? நிழல் தெரியுது. எல்லாச் செடியும் மொளைக்குதான்னு அவகிட்ட கேளுங்க.”

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பத்மாக்காவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. “மஞ்சள் மட்டும் போச்சுக்கா” என்று பதில் அனுப்பினேன்.

உடனே வந்தது. “சாலு, போதும், போகட்டும். அது எனக்கு என்னைக்குமே புடிக்காது. அவர் வாங்கிட்டு வந்தது.”

சார் சிரித்தார். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார். பிறகு வெகுநேரம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தெருவைப் பார்த்து நின்றேன்.

“செத்த இரும்மா. காப்பி போடுதேன்” என்று எழுந்து உள்ளே போனார். அந்தக் காப்பியில் சர்க்கரையே இல்லை. முழுவதும் குடித்தேன்.

அக்காவின் விரல்கள்

அக்கா வீட்டுக்கு வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. ஜன்னலுக்கு நேரே முதல் பூ விரிந்த அன்று சார் எனக்குப் போன் பண்ணினார். “நீயே வந்து பாரு” என்று மட்டும் சொன்னார். போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேரே ஒரு சிவப்புப் பூவும், அதற்கு அந்தப் பக்கம் இரண்டு மொக்கும். அக்கா அதைப் பறிக்க விடவில்லை. இதழ் உதிரும்வரை பார்த்தார்.

அடுத்த பரிசோதனையில் அணுக்கள் சரியாகிவிட்டன. மருந்தும் முடிந்துவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு செடியைத் தொடலாம் என்று டாக்டர் சொன்னார். உடனே எனக்கு உத்தரவு வந்தது, கத்தரியைக் கொண்டுவா என்று.

கொண்டுபோனேன். அக்கா என் கத்தரியை வாங்கிப் பிடித்தார். அழுத்தினார். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ள, கத்தரி கையைவிட்டுத் துள்ளி மண்ணில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது.

“விரலு தெரியல ஜெசி” என்றார்.

“வலிக்குதாக்கா?”

“வலியில்ல. மரத்துப் போயிருக்கு. சேலை பின்னு குத்தினாக்கூடத் தெரியல. டம்ளரப் புடிச்சிருக்கனா இல்லையான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். கீமோவுனாலயாம். சரியாக நாளாகுமாம், ஆகாமலும் போகலாமாம்.”

நான் வெட்டித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள், “இந்தக் கத்தரி ஒன் கைக்கு வாங்குனது. எங்கைக்கு எது சரி வரும்?” என்று கேட்டார். பழைய பத்மாக்கா. ஏன், எது, எப்படி.

யோசித்தோம். ஸ்பிரிங் லேசாக இருக்க வேண்டும். பிடி வழுக்காமல், கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். பூட்டு கட்டைவிரல் தடவித் தேடுகிற இடத்தில் இல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். பிடி பளிச்சென்ற நிறமாக இருந்தால் கீழே விழுந்தாலும் தெரியும்.

“நான் போய் பாத்து வாங்கிட்டு வாரேன்க்கா.”

“நீ எப்படிப் பாப்ப? ஒனக்குத்தான் விரலு நல்லா இருக்கே. நானே வாரேன்.”

சார் வாசலுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியைத் தவிர அக்கா வெளியே கிளம்புவது அத்தனை மாதத்தில் அதுதான் முதல்முறை. அக்கா சேலை மாற்றி, முந்தானையைத் தலை முழுக்க இழுத்துப் போர்த்தி, தாடைக்குக் கீழே ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்தக் கையை எடுக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடை. சாயங்காலம், நல்ல கூட்டம். பெயிண்ட் வாங்குகிறவர்கள், கொத்தனார்கள், ஸ்கூல் விட்டுப் பிள்ளையோடு வந்த ஒரு பெண். நான் விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் கத்தரிகளைக் கண்ணாடி மேஜை மேல் பரப்பினார். அக்கா ஒரு கையால் முந்தானையைப் பிடித்தபடி, மறுகையால் ஒன்றை எடுத்துப் பார்த்தார். விரல்கள் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்த்துப் பார்த்து மூடினார். ஸ்பிரிங் பலமாக இருந்தது. வைத்துவிட்டார். அடுத்ததை எடுத்தார். அதில் பூட்டு எங்கே என்று தெரியவில்லை.

சிவப்புப் பிடி போட்ட ஒன்று இருந்தது. எடுத்ததும் அக்கா முகம் தெளிந்தது. லேசாக இருந்திருக்க வேண்டும்.

“வெட்டிப் பாக்காம எப்படித் தெரியும்?” என்றார்.

கடைக்காரர் வெளியே போய் வாசல் வேப்பமரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து நீட்டினார். “வெட்டிப் பாருங்கம்மா.”

கொப்பைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கத்தரிக்கு ஒரு கை. அக்கா ஒரு நொடி நின்றார். பிறகு முந்தானையை விட்டுவிட்டுக் கொப்பை வாங்கினார்.

முந்தானை மெதுவாக நழுவித் தோளில் விழுந்தது. தலையில் அரைவிரல் உயரத்துக்கு முடி, பாதி நரை, ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் மெலிந்தும். பிள்ளையோடு வந்த பெண் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள். பெயிண்ட் வாங்க வந்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சட்டென்று கையை நீட்டி முந்தானையை எடுத்துத் தலையில் போடப் போனேன்.

“விடு ஜெசி” என்றார் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. கண் முழுவதும் கத்தரியில் இருந்தது. “ரெண்டு கையும் வேலையா இருக்கு.”

நான் முன்பு சொல்லியிருந்தபடி, கூரான அலகு கையில் பிடித்த பக்கம் வரும்படி மணிக்கட்டைத் திருப்பினார். அழுத்தினார். துண்டு கண்ணாடி மேல் விழுந்தது. வெட்டிய வாயை முகத்துக்கு நேரே தூக்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நசுங்கல” என்றார். பிறகு கடைக்காரரிடம் கேட்டார், “இதைவிட லேசா இன்னொண்ணு இருக்கா? எல்லாத்தையும் எடுங்க, வெட்டிப் பாப்போம்.”